கடப்பாக் கல் மேசை

சென்னையில் சேலையூர், பெருங்களத்தூர் பக்கத்துப் பழைய வாடகை வீடுகளில் படிக்கிற பிள்ளைக்கென்று தனி மேசை தேவையில்லை. ஜன்னலை ஒட்டிச் சுவரில் பதித்த கடப்பாக் கல் பலகை போதும். இரண்டரை அடி உயரம், ஒன்றரை அடி அகலம் இருந்தால் பிரமாதம். வலக்கையால் எழுதுகிறவருக்கு வெளிச்சம் இடப்புறமிருந்து வர வேண்டும்.

கல் ஆடாது. கரையான் தொடாது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூருக்குள் புகுந்ததே, அப்படித் தண்ணீரில் ஊறினால் ப்ளைவுட் உப்பிவிடும். கல்லைக் கழுவிவிட்டால் தீர்ந்தது. சித்திரை வெயிலில் முழங்கை வைத்தால் அந்தக் குளுமை! சுண்ணாம்புக்கல் வகை, அதனால் எலுமிச்சைச் சாறு மட்டும் ஆகாது, வெளிறிவிடும். விளிம்பை மழுக்காமல் விட்ட கொத்தனாரை மன்னிக்கவே முடியாது. மேலே இன்னொரு பலகை இருந்தால் புத்தகங்களுக்கு ஆயிற்று, அம்மா அங்கே ஊறுகாய் ஜாடியை ஏற்றாத வரை.