உணவும் நன்றியும்: திருமந்திரம் காட்டும் நெறி

முன்னுரை

உண்ணுமுன் இறைவனுக்கு நன்றி கூறும் வழக்கம் பல சமயங்களில் உண்டு. சைவ இலக்கியத்தில் அதற்கு இணையானதைத் தேடும் ஒப்பாய்வு, நன்றி நவிலும் சொற்களை மட்டுமே தேடுமாயின், அவை கிட்டாதவிடத்து அவ்வுணர்வே அங்கு இல்லை என முடிவு செய்துவிடக்கூடும். பன்னிரு திருமுறைகளுள் பத்தாவதாக அமைந்த திருமந்திரம் இம்முடிவை மறுக்கிறது. உணவுவேளைக்குரிய நன்றியைத் திருமூலர் சொல்லாக அன்றிச் செயலாக அமைத்துள்ளார் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

நன்றி என்னும் சொல்

இன்று நன்றி என்பது ஒருவர் மற்றொருவரிடம் கூறும் சொல்லாகவும் வழங்குகிறது. செய்ந்நன்றி அறிதல் என்னும் திருக்குறள் அதிகாரத் தலைப்பிலோ அது பிறர் செய்த நன்மையைக் குறிக்கிறது. அங்கு நன்மை பெற்றவனுக்குரிய வினை கூறல் அன்று, அறிதல். விருந்தோம்பல், இனியவை கூறல், செய்ந்நன்றி அறிதல் என்பன 9, 10, 11ஆம் அதிகாரங்களாகத் தொடர்ந்து நிற்பதும் நோக்கத்தக்கது. எனவே பழைய நூலொன்றில் நன்றியைத் தேடுவோர், பெற்றதை அறிந்தவன் என்ன செய்கிறான் என்பதையே காண வேண்டும்.

வேள்வி மரபு

வடமொழி மரபில் பகவத்கீதை 4ஆம் அத்தியாயத்தின் 24ஆம் சுலோகம் உணவுக்கு முன் ஓதப்படுகிறது. படைக்கும் செயல், அவி, தீ, படைப்பவன் ஆகிய அனைத்தும் பிரமமே என்பது அதன் கருத்து. கொடுப்போன், பெறுவோன் என்னும் வேறுபாடு கரைந்துவிடுவதால் அங்கு நன்றி கூற இருவர் இல்லை. இலையைச் சுற்றி நீர் வார்த்து, பிராணன் முதலிய ஐந்து வாயுக்களுக்கும் சிறு கவளங்களை ஆகுதியாக உட்கொள்ளும் முறையும் உண்பதை வேள்வியாகவே கொள்கிறது. தமக்கென்றே சமைப்போர் பாவத்தை உண்கின்றனர் என 3ஆம் அத்தியாயம் கூறினும், உணவுவேளையில் நிகழும் ஆகுதி உண்போனின் உடலுக்குள்ளேயே நிறைவுறுகிறது.

திருமந்திரத்தின் இரு பாடல்கள்

திருமந்திரத்தின் முதல் தந்திரத்தில் 'அறஞ்செய்வான் திறம்' என்னும் பகுதி உள்ளது. அதன் ஒரு பாடல், எவருக்கும் இயலக்கூடிய நான்கு செயல்களைக் கூறுகிறது. இறைவனுக்குப் பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்த் தீனி, உண்ணும் வேளையில் ஒரு பிடி உணவு, பிறருக்கு இன்சொல் என்பன அவை. இங்கு இறைவனுக்குரியது இலையே, சோறு அன்று. ஒரு பிடியைப் பெறுவோர் இன்னார் எனப் பாடல் பெயர் சுட்டவில்லை. அளவுகருவியாகக் கை அமைந்திருப்பதும் கருதத்தக்கது. செல்வரின் பிடிக்கும் வறியவரின் பிடிக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இப்பாடல் உண்ணும் வேளையைச் சுட்டுகிறதேயன்றி, உண்ணுமுன் என வரையறுக்கவில்லை. அவ்வரையறையை அதே பகுதியின் மற்றொரு பாடல் தருகிறது. ஆள் வேறுபாடு கருதாமல் இடுக, வருவோரை எதிர்நோக்கியிருந்து உண்க, விரைந்து உண்ணற்க, இனத்தைக் கூவியழைத்து உண்ணும் காக்கையைக் கண்டு காலம் அறிக என்பது அதன் கருத்து. உண்ணுமுன் நிகழவேண்டியது இங்கு ஓதுதல் அன்று; காத்திருத்தல். பசித்தவன் தன் பசியைச் சற்றே நிறுத்திவைக்கும் அவ்வேளையில், உணவு தனக்கு மட்டும் உரியதன்று என்னும் அறிவு செயலாகிறது.

பெறுவோர் யார்

ஏழாம் தந்திரத்து மாகேசுவர பூசைப் பகுதியில், நடமாடும் கோயிலாகிய அடியார்க்கு அளித்தது இறைவனைச் சேரும் என்றும், கோயிலில் உள்ள இறைவனுக்கு அளித்தது அடியாரைச் சேராது என்றும் திருமூலர் கூறுகிறார். இதனையும் முன்னைய பாடல்களையும் ஒரே மனிதநேயக் குரலாகக் கொள்வது பொருந்தாது. அங்குப் பெறுவோர் அடியார். முதல் தந்திரத்தில் பெறுவோர் எவரும் ஆகலாம். இவ்வேறுபாட்டை மறைத்தால், தகுதி நோக்காது இடுக என்னும் கட்டளையின் துணிவு மங்கிவிடும்.

இது அறமேயன்றி நன்றியன்று என மறுக்கவும் இடமுண்டு. பகுதியின் தலைப்பும் அறத்தையே குறிக்கிறது. ஆயினும் அறம் எப்பொழுதும் செய்யத்தக்கது. அதனை உண்ணும் வேளையோடு பிணைக்கும்போது, தனக்கு உணவு கிடைத்த பொழுதே கொடுத்தற்குரிய பொழுதாகிறது. பெறுதலும் கொடுத்தலும் இவ்வாறு ஒரே வேளையில் இணைவதே அச்செயலை நன்றியறிதலாக்குகிறது.

முடிவுரை

உணவுவேளை நன்றி திருமந்திரத்தில் இறைவனை நோக்கிய உரையாக இல்லை. எதிரே வரக்கூடிய எவருக்கேனும் ஒதுக்கப்படும் ஒரு பிடி உணவாக உள்ளது. அப்பிடியை வெறும் ஈகை எனக் கொண்டால் உண்ணும் வேளையின் சிறப்பு மறையும்; இறைவனுக்குரிய படையல் எனக் கொண்டால் பசித்தவன் மறைவான். இவ்விரண்டும் மறையாதவாறு பொருள் கொள்வதே பாடலுக்கு உரிய வாசிப்பாகும்.