கூட்டம் கலைந்த பிறகு வரும் பதில்

தரங்கம்பாடியில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு நடந்த வாதங்களுக்கு இன்று ஐரோப்பிய மொழிகளில்தான் ஆதாரம் இருக்கிறது. 1706 ஜூலையில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, ஊரிலிருந்த பிராமணர்களிடமும் வணிகர்களிடமும் வலியப் போய்ச் சமயம் பேசினார். பேசியதை எழுதி ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அவற்றில் 34 உரையாடல்கள் 1719இல் லண்டனில் ஆங்கிலப் புத்தகமாகவே வந்தன. 1712க்கும் 1714க்கும் இடையில் அவரும் உடன் பணியாற்றிய கிரண்ட்லரும் கேள்விகளை எழுதிக் கொடுத்துத் தமிழர்களிடம் எழுத்தில் பதில் வாங்கினார்கள். அப்படிச் சேர்ந்த 99 கடிதங்கள் ஜெர்மனில் அச்சாயின. தமிழ் மூலம் போய்விட்டது.

படிப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது தமிழர் தரப்பின் கூச்சமின்மை. மாடு தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், சுத்தம் பார்ப்பதில்லை. உங்கள் வேதம் அவ்வளவு உயர்ந்தது என்றால் உங்கள் ஆட்களிடம் அது ஏன் தெரியவில்லை? இந்தப் பொருளில் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள். பீரங்கி வைத்த கோட்டையின் நிழலில் நின்று இப்படிக் கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும். தன்னைக் குத்தும் கேள்விகளையும் விடாமல் எழுதி வைத்ததற்காகச் சீகன்பால்குவுக்கும் மதிப்பெண் போட வேண்டும். இன்றைய கூட்டக் குறிப்புகள் பலவற்றில் அந்த நேர்மை கிடையாது.

ஆனால் எழுதுகோல் ஒரே ஒரு கையில் இருந்தது. உரையாடல்களில் கடைசி வார்த்தை பெரும்பாலும் பாதிரியாருடையதுதான். அதைப் படிக்கப் போகிறவர்கள் மிஷனுக்குப் பணம் அனுப்பும் ஐரோப்பியர்கள் என்பதும் அவருக்குத் தெரியும். கடிதங்களில் பலவற்றை எழுதியவர் மிஷனின் மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன்தான் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. அப்படியானால் 'தமிழர்கள் சொன்னார்கள்' என்பதில் எத்தனை தமிழர்? இன்னொரு எல்லையும் இருந்தது. ஒரு விதவைக்காகப் பரிந்து பேசப் போய், கோட்டைத் தளபதி ஹாசியஸின் பகையைச் சம்பாதித்துக்கொண்ட சீகன்பால்கு, 1708 இறுதியில் டேன்ஸ்பர்க் கோட்டையில் அடைக்கப்பட்டு நான்கு மாதம் இருந்தார். கடவுளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். ஊரை ஆண்ட டேனிஷ் கம்பெனி விஷயத்தில் வாய் திறந்தால் உள்ளே.

எழுதி அனுப்பியதன் கதியையும் பார்க்க வேண்டும். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஊராரிடம் கேட்டுத் தொகுத்த நூலை அவர் 1713இல் ஹாலேவுக்கு அனுப்பினார். அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அங்கிருந்து மிஷனை வழிநடத்திய பிராங்கேயின் நிலை. நூல் கிடப்பில் போடப்பட்டு 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. பேசியவர், கேட்டவர், எழுதியவர் எல்லாரும் மண்ணாகி ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்திருந்தது.

இந்தப் பழங்கதையை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. பொதுக் காரியங்களில் இந்தக் கடற்கரை இன்று வாதாடும் முறையிலும் நோய் அதே இடத்தில்தான் இருக்கிறது. நம் ஆட்களுக்குப் பேசத் தெரியும். பேசியதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார், எப்போது, எந்த மொழியில், யார் முன்னால் என்பதுதான் தீராமல் கிடக்கிறது.

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடலூரிலிருந்து நாகப்பட்டினம் வரையிலான கரையில் தனியார் அனல்மின் நிலையங்கள் வரிசையில் நின்று அனுமதி கேட்டன. சீர்காழி வட்டமும் தரங்கம்பாடி வட்டமும் அந்த வரிசையில் இருந்தன. நிலக்கரித் திட்டம் என்றால் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். முப்பது நாள் முன்னறிவிப்பு, தமிழ் நாளிதழ் ஒன்றில் விளம்பரம், ஆட்சியர் அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் தலைமை, முழுக்க வீடியோ பதிவு, கூட்டத்தின் முடிவில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் படித்துக் காட்டி அன்றே கையெழுத்து. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை.

பந்தலுக்குள் நிலைமை வேறு. வாசலில் போலீஸ். முன் வரிசை நாற்காலிகளில் காலையிலேயே வேனில் வந்து உட்கார்ந்தவர்கள். வேலை கிடைக்கும், ரோடு வரும் என்று மனப்பாடமாகச் சொல்லத் தயாராக. கம்பெனி சார்பில் ஒருவர் திரையில் படம் ஓட்டி மரக்கன்று நடுவதைப் பற்றி நிறையச் சொல்வார். பிறகு மைக் கூட்டத்துக்கு வரும். கடலிலிருந்து எடுக்கிற தண்ணீரைச் சுடச்சுடத் திரும்பக் கடலில் விட்டால் கரையோர மீன் எங்கே போகும் என்று ஒரு மீனவர் கேட்பார். சாம்பல் குட்டையிலிருந்து கசிவது எங்கள் போர்வெல்லுக்கு வராதா என்று ஒரு விவசாயி கேட்பார். இரண்டுமே நிபுணர் குழுவை உட்கார்ந்து யோசிக்க வைக்கக்கூடிய கேள்விகள். மேடையிலிருந்து வரும் பதில்: பதிவு செய்துகொள்ளப்பட்டது. அடுத்தவர் பேசலாம்.

நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டும். விதி கேட்பதும் அவ்வளவுதான். விவரமான அட்டவணைகள், நீரோட்ட வரைபடங்கள், காற்றில் தூசி எவ்வளவு தூரம் போகும் என்ற கணக்கு எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். எதிர்ப்பவர் எதை எதிர்க்கிறோம் என்று முழுதாகப் படிக்க முடியாது. கேள்விகளுக்குப் பதிலே வருவதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. கம்பெனி இறுதி அறிக்கையில் ஓர் அட்டவணை போடும்; இடப்பக்கம் மக்கள் எழுப்பிய கேள்வி, வலப்பக்கம் பதில். அது தில்லியில் உள்ள மதிப்பீட்டுக் குழுவுக்குப் போகும். கேட்டவர் அந்தப் பதிலை மறுக்க முடியாது. பெரும்பாலும் பார்க்கவே மாட்டார். பந்தல் பிரித்து வெகுநாள் ஆகியிருக்கும். சீகன்பால்கு பதில் சொன்னபோது எதிராளி எதிரிலேயே நின்றார், சரியில்லை என்று தோன்றினால் மறுபடியும் கேட்டார். அந்த ஒரு விஷயத்தில் 2006, 1712ஐ விடப் பின்தங்கி நிற்கிறது.

இவ்வளவு குறை இருந்தும் அந்தக் கூட்டத்தை வெறும் சடங்கு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அறிக்கை என்ற ஒன்று வெளியில் வருவதே அந்தக் கூட்டத்தால்தான். வழக்குக்குப் பிடி கொடுப்பதும் அதுதான். பரங்கிப்பேட்டை அருகே வந்த ஐ.எல்.&எஃப்.எஸ். அனல்மின் நிலைய வழக்கில், ஒவ்வொரு புகைபோக்கியையும் தனித்தனியாகப் பார்க்காமல் சுற்றிலும் வரப்போகும் ஆலைகள் எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கணக்கிடும்படி 2012இல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அந்தக் கணக்கு ஒழுங்காகப் போடப்படவில்லை என்று 2014இல் அனுமதியையே ரத்து செய்தது. வாதத்தில் ஊர்க்காரர்கள் ஜெயித்தார்கள். ஆனால் நிலையம் எழுந்து நின்று இன்று மின்சாரம் தயாரிக்கிறது. ஒடிசாவின் நியம்கிரியில் 2013இல் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடமே விட்டது. பன்னிரண்டு சபைகளும் வேண்டாம் என்றன, பாக்சைட் சுரங்கம் நின்றது. அது வன உரிமைச் சட்டம் கொடுத்த பலம். வயல்காட்டுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. தரங்கம்பாடிக்கோ கிராம சபையே இல்லை, அது பேரூராட்சி.

எதிர்ப்பாளர் தரப்பிலும் பார்க்க வேண்டியது இருக்கிறது. மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிர்ப்பு காவிரி டெல்டாவில் வேரூன்றியது இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசியதால். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கத்தில் அந்தப் பயணத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. டீக்கடை வரைக்கும் நிலவியல் பேச வைத்த இயக்கம் அது. ஆனால் போகப் போக நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு, ஓ.என்.ஜி.சி. பல பத்தாண்டுகளாகத் தோண்டிவரும் வழக்கமான எண்ணெய்க் கிணறு எல்லாம் 'மீத்தேன்' என்ற ஒரே பெயருக்குள் போயின. முதலாவதில் நிலத்தடி நீரை ஏராளமாக இறைத்தாக வேண்டும். கடைசி வகையில் அப்படியில்லை, அதன் ஆபத்து கசிவும் குழாய் வெடிப்பும். 2017இல் கதிராமங்கலத்தில் நடந்த எண்ணெய்க் கசிவு இந்தக் கடைசி ரகம். பிரித்துப் பேசியிருந்தால் கூட்டம் சேர்ந்திருக்காது என்பார்கள். இருக்கலாம். ஆனால் பிரித்துப் பேசாததன் விலை பிறகு தெரிந்தது.

2020 ஜனவரி 16 அன்று மத்திய அரசு எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குக் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று விதியைத் திருத்தியது. பிப்ரவரி 9 அன்று அன்றைய முதல்வர் பழனிசாமி காவிரி டெல்டாவை வேளாண் மண்டலமாக அறிவித்தார். பதினோராவது நாள் சட்டப்பேரவையில் மசோதா நிறைவேறிவிட்டது. தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று கேட்ட எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்தது. நல்ல சட்டம்தான், புதிதாக எண்ணெய், எரிவாயு தோண்டுவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே நடந்துவரும் திட்டங்களை அது தொடவில்லை. எல்லாம் நின்றுவிட்டது என்று நினைத்துப் பட்டாசு வெடித்தவர்களுக்குப் பழைய கிணறுகள் அப்படியே இருப்பது பிறகுதான் உறைத்தது. கருத்துக் கேட்பை நீக்கிய திருத்தமும் சரி, டெல்டாவைக் காக்கும் சட்டமும் சரி, டெல்டாக்காரரைக் கூப்பிட்டு வைத்துக் கேட்கவில்லை.

பேசுகிற உரிமை சும்மா கிடைத்ததும் இல்லை. 2017இல் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்த கதிராமங்கலத்துக்கும் நெடுவாசலுக்கும் ஆதரவாகச் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த மாணவி மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. அந்த ஆண்டே உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சாராயம் காய்ச்சுபவருக்கும் அடியாளுக்கும் என்று எழுதிய சட்டத்தில் துண்டறிக்கையைப் பொருத்திப் பார்க்க ஓர் அதிகாரிக்குத் தோன்றியது என்பதே போதும்.

அரசு மட்டும்தான் வாயை அடைக்கிறது என்பதும் உண்மையில்லை. தரங்கம்பாடி இந்தக் கரையின் தலைமை மீனவ கிராமங்களில் ஒன்று. ஊர்ப் பஞ்சாயத்து கூடினால் அனலாகத்தான் பேசுவார்கள். சுருக்குமடி வலை விவகாரத்தில் தரங்கம்பாடி தலைமையில் எதிர்ப்பு அணி, பூம்புகார் பக்கம் ஆதரவு அணி என்று ஒரே சமூகம் இரண்டாகப் பிரிந்து நின்றது. மாநில அரசின் தடை 2000லிருந்தே இருந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. காலை எட்டு மணிக்குக் கிளம்பிப் பன்னிரண்டு மைல் தாண்டி, வலை போட்டு, ஆறு மணிக்குள் திரும்ப முடியுமா என்று படகுக்காரரிடம் கேட்டிருந்தால் வேறு விதமாக எழுதியிருப்பார்களோ என்னவோ.

ஊர்க் கூட்டத்தின் பலம், அங்கே பேசுகிறவர் மறுநாள் அதே கரையில் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும். பொய் சொல்லித் தப்ப முடியாது. பதில் சொல்லாமல் நழுவவும் முடியாது. அரசுக் கூட்டத்தில் இல்லாதது இதுதான். ஆனால் அங்கே வரி கட்டும் ஆண்கள்தான் ஊர். மீனை ஏலத்தில் எடுத்துக் கூடை சுமந்து போய் விற்றுக் குடும்பத்தைக் கொண்டுசெலுத்தும் பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. எந்த வலை எந்த மீனை எந்த விலைக்குக் கொண்டுவரும் என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்? ஊர் முடிவை மீறினால் அபராதம், அதற்கும் மேலே போனால் ஊர்விலக்கம். விலக்கி வைக்கப்பட்டவரோடு பேசினாலே தண்டம் என்ற கட்டுப்பாடு இருக்கும்போது, மாற்றுக் கருத்து என்பது பேச்சளவில்தான்.

ஊரில் இடமில்லாதவர்கள் கடைசியில் நீதிமன்றம் போய்த்தான் பேச முடிந்திருக்கிறது. இந்தக் கரையில் இறால் பண்ணைகள் குடிநீரை உப்பாக்கியபோது முதலில் எதிர்த்து நின்றவர்களில் நிலமற்ற கூலிப் பெண்கள் நிறையப் பேர். நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்களுக்கு நஷ்டமில்லை. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, 'விவசாயிகள்' என்ற ஒற்றைச் சொல்லில் அதுவரை அடங்காதவர்களின் தீர்ப்பு.

பட்டிமன்றத்தை இங்கே சேர்ப்பதா என்று தயங்கினேன். மணிமேகலையில் பக்கத்துப் புகார் நகரத்து விழாவுக்கு முரசறைந்தவன், வாதிக்கத் தெரிந்தவர்கள் பட்டிமண்டபம் ஏறுக என்கிறான். பகைவரானாலும் சண்டையிட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்கிறான். இன்று அதே மேடை மாமியாரா மருமகளா என்பதோடு நின்றுவிட்டது. நடுவர் இரு தரப்பையும் பாராட்டி, சிரிக்கவைத்து அனுப்பிவிடுவார். தான் நம்பாத கட்சிக்காகவும் பேசிப் பார்க்கும் பயிற்சி அதில் இருக்கிறது; அதை அணுமின்சாரத்துக்கோ காற்றாலைக்கோ பயன்படுத்திப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

காற்றாலை என்றதும் நினைவுக்கு வருவது 2006 அறிவிக்கையின் பட்டியல். நிலக்கரி அதில் இருக்கிறது. காற்றாலை இல்லை, சூரிய மின் பலகைக்கும் விலக்கு. சுத்தமான மின்சாரம், எனவே கேட்க வேண்டியதில்லை என்பது நினைப்பு. தமிழ்நாட்டுக் கடலில் காற்றாலை வரப்போகிறது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை தமிழ்நாட்டுக்கும் குஜராத்துக்கும் தலா 500 மெகாவாட்டுக்குச் சேர்த்து ரூ. 6,853 கோடி ஒதுக்கியது. இங்கே குறித்திருக்கும் இடம் மன்னார் வளைகுடா. கடலுக்கு நடுவே கோபுரம் நட்டுக் கேபிள் இழுத்தால் வலை எங்கே போடுவது, தடை செய்யும் பரப்பு எவ்வளவு, கேபிளில் வலை சிக்கிக் கிழிந்தால் நஷ்டம் யார் தருவது என்பவை அனல்மின் கூட்டத்தில் கேட்டவற்றுக்குக் குறைந்த கேள்விகள் அல்ல. நிலக்கரியை எதிர்த்த மீனவரே இதில் காற்றை ஆதரிக்கவும் கூடும், கேட்டால்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. கருத்துக் கேட்பில் எழுந்த கேள்விகளுக்குக் கம்பெனி எழுதும் அந்த அட்டவணை தில்லிக்குப் போகும் முன் தமிழில் அதே ஊருக்கு வர வேண்டும். அதே பந்தலில் இரண்டாவது தடவை கூடி, கேட்டவர் எழுந்து, பதில் போதவில்லை என்றால் சொல்ல வேண்டும். அதுவும் குறிப்பில் ஏற வேண்டும். விதி இதைக் கேட்கவில்லை. பேரூராட்சியோ ஊர்ப் பஞ்சாயத்தோ கேட்கலாம். கேட்கும் ஊர்ப் பஞ்சாயத்து முதலில் ஏலக்கூடத்துப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தால், ஆட்சியர் மேசைக்குப் போகும் அந்த மனுவுக்கு எடை கூடும்.