பாலையாவின் நடிப்பில் அச்சமும் நகையும்

வேப்பந்தட்டையில் எம்மிடம் பயிலும் மாணாக்கர் டி. எஸ். பாலையாவை நகைச்சுவை நடிகர் என்றே அறிவர். மூத்தோரோ அவரைக் கொடியோனாக நடித்தவர் என்பர். முற்பகுதி கொடுமை, பிற்பகுதி நகை எனப் பகுத்து அமைவாரும் உளர். இப்பகுப்பு அவர்தம் கலையை விளக்காது என்பது எம் கருத்து.

அவருக்கு முதற்படம் 1936இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’. எம்.ஜி.ஆரும் என். எஸ். கிருஷ்ணனும் திரைக்கு வந்ததும் அப்படத்தின் வழியேதான். ‘அம்பிகாபதி’யில் (1937) உருத்திரசேனன், ‘மதுரை வீர’னில் (1956) நரசப்பன் என அவர் ஏற்ற தீயோர்க்கெல்லாம் தருக்கே உயிர். அத்தருக்குக் குலையும் கணத்தையே பின்னாளில் அவர் நகைக்கு நிலைக்களன் ஆக்கினார்.

‘திருவிளையாடல்’ (1965) இதற்குத் தக்க சான்று. பரஞ்சோதியாரின் விறகு விற்ற படலத்தில், பாணபத்திரனால் தள்ளப்பட்ட மாணவன் எனத் தன்னைக் கூறிக்கொண்ட விறகாளின் இசை கேட்டு, ஏமநாதன் இரவோடிரவாக மதுரையை விட்டு நீங்குகிறான். காவியத்திற்கு அவ்வளவே போதும், நடிகனுக்குப் போதாது. அவையில் பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு வாயசைக்கும் பாலையாவின் முகத்தில் காண்பது கல்வி பற்றிய பெருமிதம். இரவில் விறகாளின் பாட்டைக் கேட்குங்கால் அதே முகத்தில் மருட்கை எழுந்து அச்சமாக முதிர்கின்றது. நகை தோன்றினும், தோற்ற புலவன்மீது நமக்கு இரக்கமும் பிறக்கின்றது. வெறும் நகைச்சுவையாளர்க்கு இஃது அரிது.

அஞ்சினானைக் கண்டோர் அஞ்சாது நகுதலும் கூடும் என மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்டோர் குறித்துள்ளனர். ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) மகன் செல்லப்பாவாக நாகேஷ் அச்சக் கதை சொல்ல, தந்தை விசுவநாதன் கேட்கும் காட்சி அவ்வுரைக்கு இலக்கியம் போன்றது. பேசுபவர் நாகேஷ், பாலையாவுக்குச் சொல் மிகச் சில. எனினும் காட்சியின் சுவை கேட்பவர் கண்ணிலும் உடல் ஒடுக்கத்திலுமே நிற்கின்றது. செல்வம் தந்த மிடுக்கு ஒரு கட்டுக்கதைமுன் கரைகின்றது. உருத்திரசேனனையும் நரசப்பனையும் நடித்துப் பழகிய உடலன்றோ அது!

1972இல் மறைந்த அக்கலைஞரின் எல்லா உருவங்களும் இவ்விளக்கத்துள் அடங்கும் என்று யாம் கூறவில்லை. ‘தில்லானா மோகனாம்பா’ளின் (1968) தவிற்கலைஞர் முத்துராக்கு தருக்குடையவர் அல்லர், நாகசுரத் தலைவனின் தருக்கைப் பொறுத்து உடனிருப்பவர். அவ்வுருவம் தனியே ஆராயத்தக்கது.