‘முற்போக்கு’ இசையும் நமது விமர்சனமும்: மூன்ஸ்ரோன்ஸ் குழு, துள்ளிசை ஆகியன குறித்துச் சில சிந்தனைகள்

‘முற்போக்கு’ என்னும் சொல் ஈழத்துத் தமிழ் விமர்சனத்தில் ஆழ வேரூன்றிய ஒன்று. இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954 ஆம் ஆண்டில் அமைந்த காலந்தொட்டு, அச்சொல் ஒரு படைப்பு எவருடைய வாழ்வைப் பொருளாகக் கொள்கிறது, எவரை நோக்கிப் பேசுகிறது, சமுதாய மாற்றத்தில் எப்பக்கம் நிற்கிறது என்னும் வினாக்களைக் குறித்து வந்துள்ளது. மேனாட்டு வெகுசன இசை வரலாற்றிலோ அதே சொல் பிறிதொரு பொருளில் வழங்குகிறது. அங்கு ‘முற்போக்கு றொக்’ எனப்படுவது வடிவத்தில் முன்னேறிய இசை: மூன்று நிமிடப் பாடலின் எல்லையை மீறி, ஐரோப்பியச் செவ்வியல் இசையினதும் யாஸ் இசையினதும் கூறுகளை உள்வாங்கி, நெடிய தொடர்ச்சியான ஆக்கங்களாக விரிந்த இசை. ஒரு சொல்லின் இவ்விரு பொருள்களும் சந்திக்கும் இடம் உண்டா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இவ்வினாவை நம் நாட்டு அனுபவத்தின் துணைகொண்டு ஆராயும்போது, நமது விமர்சன மரபின் குறை ஒன்றும் வெளிப்படக் காணலாம்.

1

இசைக்குழு ஒன்றின் தோற்றத்தைத் தனிமனித மேதைமையின் வெடிப்பாகக் காண்பது வழக்கம். இஃது அரை உண்மையே. 1969 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டனில் ஒன்றுசேர்ந்த கிங் கிறிம்சன் குழு, அவ்வாண்டு யூலை மாதம் ஹைட் பூங்காவில் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் நடத்திய இலவச நிகழ்ச்சியில் பெருந்திரளின் முன் வாசித்தது. ஒக்ரோபரில் அதன் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. ஓராண்டுக்குள் இவ்வளவும் நிகழ்ந்தமைக்குக் கலைஞரின் ஆற்றல் மட்டும் காரணமன்று. பீற்றில்ஸ் குழுவினர் 1967 இல் வெளியிட்ட ‘சார்ஜன்ற் பெப்பர்’ இசைத்தட்டின் பின்னர் நெடுநேர இசைத்தட்டு ஒரு முழுமையான கலை வடிவம் என்ற மதிப்பைப் பெற்றிருந்தது; புதியனவற்றிற்கு முதலிட இசைத்தட்டுக் கும்பனிகள் ஆயத்தமாயிருந்தன; உயர் கல்வி விரிவடைந்ததன் பயனாகப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியங்கள் நாடெங்கும் நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்தன. செனசிஸ் குழு சாட்டர்ஹவுஸ் என்னும் உயர்குடித் தனியார் பாடசாலையிலேயே முளைகொண்டது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஆகவே, வடிவப் புதுமையின் பின்னால் ஓய்வும் கருவியும் கல்வியும் வாய்க்கப்பெற்ற ஒரு வர்க்கத்தின் வாழ்நிலை இருந்தது. 1976, 1977 ஆம் ஆண்டுகளில் ‘பங்க்’ இசை எழுந்து, இந்நெடிய ஆக்கங்களை மக்களிடமிருந்து விலகியவை எனச் சாடியமையும் இவ்வர்க்கப் பின்னணியுடன் இணைத்தே நோக்கப்பட வேண்டும்.

இதிலிருந்து நாம் பெறும் அளவுகோல் எளியது. ஓர் இசைக்குழு தோன்றி நிலைப்பதற்கு நான்கு நிபந்தனைகள் வேண்டும்: கருவிகளும் பயிற்சிக்கான ஓய்வும், பதிவு செய்து வெளியிடும் நிறுவனம், பரப்பும் சாதனம், மதிப்பிட்டுப் பேசும் கருத்துலகம். இவற்றுள் ஒன்று இல்லாதபோது இசை பிறக்கலாம்; மரபாக வளர்வது அரிது.

2

இலங்கையில் இந்நிபந்தனைகள் சிங்கள இசைக்கு எவ்வாறு கூடின என்பதற்கு மூன்ஸ்ரோன்ஸ் குழுவின் வரலாறு தக்க சான்றாகும். கிளாறன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் முதன்மை பெற்ற இக்குழு 1966 ஆம் ஆண்டில் இரத்தினபுரியை மையமாகக் கொண்டு தோன்றியது. மாணிக்கக் கற்களுக்குப் பெயர்பெற்ற அந்நகரின் சுவடு குழுவின் பெயரிலேயே உண்டு. விஜேவர்தன 1943 இல் அப்புத்தளையிற் பிறந்தவர். தோட்டத்துறை உத்தியோகத்தில் இருந்தவர். தலைநகரின் இசைக்கூடங்களிலன்றி மலைநாட்டுச் சூழலில் இக்குழு உருவானமை கவனத்திற்குரியது.

அக்காலச் சிங்கள இசை இரு துருவங்களுக்கிடையே நின்றது. ஒருபுறம் வட இந்திய சாஸ்திரிய சங்கீதத்தை அடித்தளமாகக் கொண்ட வானொலி இசை. 1952 இல் இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட ரத்தன்ஜன்கரின் தரப்பரீட்சைக்குத் தோற்ற மறுத்த சுனில் சாந்த வானொலியிலிருந்து விலக நேர்ந்தமை, அரச நிறுவனம் எதனை ‘இசை’ என ஏற்றது என்பதைத் தெளிவாகக் காட்டும். மறுபுறம் போர்த்துக்கீசத் தொடர்பின் வழிவந்த பைலா. பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியன் இதனை நகர்ப்புற மக்களின் கேளிக்கைப் பாடலாக நிலைநிறுத்தினார். மூன்ஸ்ரோன்ஸ் குழு இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வழியை வகுத்தது. மின் கிற்றார், பல குரல் இசைவு, எளிய மெட்டு, அன்றாடப் பேச்சுக்கு அணித்தான சொல் என்பன அதன் இயல்புகள். சிங்களப் பாடலில் மின் கிற்றாரை நிலைபெறச் செய்தவராக விஜேவர்தன பொதுவாகக் குறிப்பிடப்படுகிறார்.

வானொலி அறிவிப்பாளர் விஜய கொறயா இவர்களை நேயர்களுக்கு அறிமுகப்படுத்தினார். ‘மங்கோ நந்தா’ முதலான பாடல்கள் விரைவிற் பரவின. ஜெறல்ட் விக்கிரமசூரியவின் ‘சூரியா’ நிறுவனம் இத்தகைய இளங்குழுக்களின் பாடல்களை இசைத்தட்டுகளாக வெளியிட்டது. கருவி, பதிவு, பரவல் ஆகிய மூன்றும் இவ்வாறு கூடின. விஜேவர்தன பின்னர் ‘கோல்டன் சைம்ஸ்’ குழுவை அமைத்து, எழுபதுகளில் மாலேவனவுடன் மீண்டும் இணைந்து ‘சுப்பர் கோல்டன் சைம்ஸ்’ என்ற பெயரில் இயங்கினார். குழுக்கள் பிரிந்தும் கூடியும் வந்தபோதிலும் ‘சரல கீ’ எனப்படும் எளிய பாடல் மரபு நிலைத்துவிட்டது. 1996 இல் விஜேவர்தன மறைந்தபோது அவர் ஒரு முழுத் தலைமுறையின் பாடகராகவே நினைக்கப்பட்டார்.

இக்குழுவை முற்போக்கானது எனலாமா? வடிவத்தைப் பொறுத்தவரை ஐயமில்லை. சாஸ்திரியப் பயிற்சி பெற்றவரே பாடற்குரியார் என்ற அரண் இவர்களால் தகர்ந்தது. கிற்றார் ஒன்றைக் கைக்கொண்ட எந்த இளைஞனும் தன் மொழியிற் பாடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. பொருளைப் பொறுத்தவரை நிலைமை வேறு. காதல், தாலாட்டு, ஊர் நினைவு ஆகிய எல்லைக்குள் அப்பாடல்கள் பெரும்பாலும் அமைந்தன. 1971 ஏப்ரலில் வேலையற்ற கிராமப்புறக் கல்வியறிவு பெற்ற இளைஞர் கிளர்ந்தெழுந்தனர். அவர்களும் இப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினரே. ஆயினும் அவர்களுடைய மனக்கொதிப்பு இப்பாடல்களிற் புகவில்லை. வடிவம் மக்கள்மயப்பட்டது; பொருள் நடுத்தர வர்க்கத்தின் இல்லறத்தினுள் தங்கிவிட்டது.

3

ஏறத்தாழ அதே ஆண்டுகளிலே தமிழிலும் ஒரு புதிய பாடல் எழுந்தது. யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவராயிருந்த காலத்தில், அறுபதுகளின் பிற்பகுதியில் ‘சின்ன மாமியே’ என்னும் பாடலைப் பாடினார். பைலாவின் துள்ளல் நடையில் யாழ்ப்பாணப் பேச்சுவழக்கு அமர்ந்தது. திருகோணமலையிலிருந்து எம். பி. பரமேஸ் காதற் பாடல்களைப் பாடி, இசைத்தட்டு வெளியிட்ட ஈழத்துத் தமிழ்ப் பாடகருள் முன்னோடியானார். ஏ. ஈ. மனோகரன் ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ என்ற பட்டத்துடன் மேடைகளை ஆட்கொண்டார். ‘பொப்’ என்றும் ‘துள்ளிசை’ என்றும் இவ்வகை பெயர் பெற்றது.

அம்பாறை என்னும் களம் தற்செயலானதன்று. கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தின் வழி எழுந்த அந்நகரில் யாழ்ப்பாணத்து மாணவனும் தென்னிலங்கை மாணவனும் ஒரே வகுப்பிற் பயின்றனர். பைலா நம் நாட்டில் மாணவர் விடுதியினதும் சுற்றுலாப் பேருந்தினதும் பொதுச்சொத்து. தகரத்தைத் தட்டியும் கைகொட்டியும் எவரும் அதிற் கலந்துகொள்ளலாம். 1956 ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம் கந்தோரிலும் பாடசாலையிலும் மொழிகளைப் பிரித்துக்கொண்டிருந்த வேளையில், தாளம் அவற்றை ஒன்றுகூட்டிக்கொண்டிருந்தது. இக்கூற்றுக்கு உச்சச் சான்று மனோகரன் பாடிப் புகழ்பெற்ற ‘சுராங்கனி’. சிங்களமும் தமிழும் ஒரே பாடலினுள் ஒன்றையொன்று தொடர, மீன் கொண்டுவந்த சேதியைச் சொல்லும் அப்பாடல் கடற்கரைச் சந்தையின் இருமொழி வாழ்வைத் தன்னுள் கொண்டது.

பொருளிலும் துள்ளிசை வெறுமையானதன்று. மாமி, மச்சாள் உறவுமுறைகளின் இறுக்கம், கள்ளுக்குடியின் கேடு, வெளிநாட்டு மாப்பிள்ளை மோகம் என யாழ்ப்பாணச் சமுதாயம் தன்னைத்தானே நகையாடிய இடம் அது. அந்நகைப்பு சாதியமைப்பை நேரே எதிர்த்ததன்று. ஆயினும் சபையிற் பேசத் தயங்கியவற்றைப் பாட்டிற் கூறும் துணிவு அதற்கிருந்தது.

எனினும், துள்ளிசை ஏன் மூன்ஸ்ரோன்ஸ் போன்றதொரு குழு மரபைத் தோற்றுவிக்கவில்லை? பின்னணிக் குழுக்கள் இருந்தன. நின்றவை பாடகரின் தனிப் பெயர்களே. முதற்காரணம் பரவற் சாதனத்தைச் சார்ந்தது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை பாக்குநீரிணைக்கு அப்பாலும் பெருந்தொகையான நேயர்களைக் கொண்டிருந்தது. அதன் உயிர்நாடி தமிழகத் திரைப்படப் பாடல். சேவையின் வெற்றியே உள்ளூர்ப் பாடலுக்கு இடர்ப்பாடாயிற்று. சிங்களக் குழுவொன்று வானொலியில் உள்நாட்டுப் போட்டியையே எதிர்கொண்டது. தமிழ்ப் பாடகனோ சென்னைத் திரையுலகம் முழுவதையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டாவது, சந்தையின் சிறுமை: பொருளாதாரக் காரணங்களால் தமிழிசைத்தட்டு வெளியீடு தொடர் முயற்சியாகவில்லை. ஆற்றல் மிக்க தமிழ்க் கலைஞர்கள் பரந்த சந்தையையே நாட வேண்டியிருந்தது. நாகர்கோவிலைப் பூர்வீகமாகக் கொண்ட ஆர். முத்துசாமி சிங்களத் திரையிசையின் தலையாய இசையமைப்பாளருள் ஒருவராக விளங்கியமை நாம் அறிந்ததே. ‘சுராங்கனி’ 1977 இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ திரைப்படத்தில் இளையராஜாவின் இசையில் ஒலித்த பின்னரே இந்தியா எங்கும் அறியப்பட்டது. மனோகரனும் தமிழகம் சென்று திரைப்பட நடிகராகி, 2018 சனவரியிற் சென்னையிற் காலமானார்.

மூன்றாவது காரணம் நம்மைச் சார்ந்தது. துள்ளிசை எழுந்த அதே அறுபதுகளின் இறுதியில் நமது விமர்சனம் மக்கட் கலைகளைக் குறித்துத் தீவிரமாகச் சிந்தித்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்துக்குப் புதுவாழ்வளித்தார், சி. மௌனகுருவின் ‘சங்காரம்’, ஆலயப் பிரவேசப் போராட்டத்தைப் பேசிய ‘கந்தன் கருணை’ ஆகியன கூத்து வடிவத்திற் புதிய பொருளை ஏற்றின. பழைய வடிவத்திற் புதிய பொருள் என்பது கொள்கையாகப் பேசப்பட்டது. ஆனால் புதிய வடிவத்திற் பழைய வாழ்வைப் பாடிய துள்ளிசை, முதலாளித்துவ வெகுசனப் பண்பாட்டின் எச்சமாகவே கருதப்பட்டு ஒதுக்கப்பட்டது. பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவைச் சமுதாய நோக்கில் ஆராய்ந்து 1981 இல் நூல் வெளியிட்டார். பொப்பிசைக்கு அத்தகைய ஆய்வு வாய்க்கவில்லை. நான்காவது நிபந்தனையான கருத்துலகம் அதற்குக் கிட்டவேயில்லை. பாராட்டுப் பெறாமை பெரிதன்று; கண்டனங்கூடப் பெறாமையே கொடியது. விமர்சிக்கப்படாத கலை தன் குறைகளைத் தானே அறிந்து வளர வாய்ப்பில்லை.

4

1983 யூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் மாலை, அவர்களுடைய இறுதிக் கிரியைக்காகப் பொரளைக் கனத்தை மயானத்திற் கூடியிருந்த கூட்டம் வன்செயலில் இறங்கியது. பொரளையில் எழுந்த தீ அடுத்த நாள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை எனத் தமிழர் வாழ்ந்த பகுதிகளெங்கும் பரவியது. அதே பொரளையிலுள்ள வெலிக்கடைச் சிறையில் 25 ஆம், 27 ஆம் திகதிகளில் 53 தமிழ்க் கைதிகள் கொலையுண்டனர். இந்நிகழ்வுகளை ஓர் இசைக் கட்டுரையிற் குறிப்பிடுவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆனால் துள்ளிசையின் சமுதாய அடித்தளம் எதுவோ அதுவே அன்று எரிந்தது: இருமொழியும் புழங்கிய தெரு, கலந்து வாழ்ந்த விடுதி, ஒரே தாளத்திற்குக் கைகொட்டிய பேருந்து. பாடகரும் கேட்போரும் பல நாடுகளுக்குச் சிதறினர். பாடல்கள் புலம்பெயர்ந்தோரின் திருமண மண்டபங்களில் ஊர் நினைவாக எஞ்சின. புதியன படைக்கும் ஆற்றலை அவை இழந்தன.

5

வடிவப் புதுமையும் பொருட் புதுமையும் ஒரே குழுவிற் கூட இயலாதா? இயலும் என்பதற்குத் தமிழகத்தில் அண்மைச் சான்று உண்டு. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் இணைந்து அமைத்த ‘கேஸ்ட்லெஸ் கலெக்ரிவ்’ குழு 2018 சனவரி 6 ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முறையாக மேடையேறியது. சாதியற்றோர் என்னும் அதன் பெயர் அயோத்திதாச பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெறப்பட்டது. பறையும் கிற்றாரும், கானாவும் றப்பும் றொக்கும் அதில் ஒருங்கே ஒலித்தன. இட ஒதுக்கீடு, சாதிக் கொடுமை என்பன பாடற்பொருளாயின. இங்கு கூர்ந்து நோக்கவேண்டியது, அக்குழுவின் பின்னே ஓர் அரசியற் கருத்துலகம் முன்னரே அமைந்திருந்தது என்பதே. நம்மிடம் இல்லாதிருந்த நான்காவது நிபந்தனை அங்கு முதலாவதாக இருந்தது.

வடிவத்தை மட்டும் முன்னெடுத்த மேனாட்டு றொக் மக்களிடமிருந்து விலகியதென்ற குற்றச்சாட்டுக்கு ஆளாயிற்று. மூன்ஸ்ரோன்ஸ் குழு வடிவத்தை மக்கள்மயப்படுத்தியும் பொருளில் தயங்கி நின்றது. துள்ளிசை இரண்டிலும் சிறிது சிறிது முன்னேறி, நிறுவனமும் விமர்சனமுமின்றி நின்றுபோயிற்று. முற்போக்கு என்பது படைப்பினுள் மட்டும் உறையும் பண்பன்று. படைப்பும் அதனை ஏற்று விவாதிக்கும் சமுதாயமும் கொள்ளும் உறவிலேயே அது பிறக்கிறது.

எனவே, நம் பல்கலைக்கழகத் தமிழியல் ஆய்வுக்கு ஒரு கடமை எஞ்சியுள்ளது. துள்ளிசை இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் தேடித் தொகுத்தலும், அவற்றிற் பாடியோரோடு வாசித்தோரின் பெயர்களையும் பதிந்து வைத்தலும், சிங்களப் பாடல் மரபுடன் அவற்றை ஒப்பிட்டு ஆராய்தலும் காலந்தாழ்த்தாது செய்யப்படவேண்டியவை. நாட்டார் பாடலைக் களத்திற் சென்று திரட்டிய ஆய்வாளர் மரபு நமக்கு உண்டு. பேருந்திற் பாடப்பட்டமையால் ஒரு பாடல் மக்கட் பாடலாகாது போய்விடுமா? ஒரு காலத்தில் இவ்வினாவை எழுப்ப நாம் தவறினோம். அதனை நினைவிலுள்ளோர் வாழுங் காலத்திலேனும் எழுப்புவோமாக.