'மாற்றங்கள்': ஒரு பாடலும் அதனைக் கேட்டோரும்

ஒரு பாடலின் பொருளைத் தீர்மானிப்பவர் அதனை இயற்றியவரா, கேட்போரா? சோவியத் ஒன்றியத்தின் இறுதிக் காலத்தில் எழுந்த 'மாற்றங்கள்' என்னும் ரஷ்ய றொக் பாடல் இவ்வினாவை எழுப்புகின்றது.

இதனை இயற்றிப் பாடியவர் 'கினோ' இசைக்குழுவின் விக்டர் சோய் (1962-1990). கொர்பச்சேவ் பதவியேற்ற மறு ஆண்டாகிய 1986இல், லெனின்கிராட் றொக் கழக விழாவில் இப்பாடல் மேடையேறியது. 1981இல் தொடங்கப்பெற்ற அக்கழகம் இளைஞருக்கு மேடையளித்தது. ஆயினும் பாடல்வரிகளை முன்கூட்டிச் சமர்ப்பித்து அனுமதி பெறுதல் அங்கு விதியாக இருந்தது. பாடலை நாடெங்கும் பரப்பியது சேர்ஜி சொலொவியோவின் 'அஸ்ஸா' (1987) திரைப்படமாகும். இறுதிக் காட்சியில், உணவக நிர்வாகி வேலை விதிகளை வாசித்துக்கொண்டிருக்க, சோய் அதற்குச் செவிசாய்க்காது மேடையேறிப் பாடத் தொடங்குகின்றார். சிறு மண்டபம் மறைந்து, பெருந்திரளான கூட்டம் திரையை நிறைக்கின்றது.

பாடலின் உள்ளடக்கத்தை நோக்குமிடத்து, அரசோ கட்சியோ அதில் இடம்பெறாமை புலப்படும். சமையலறை, தேநீர், சிகரெட், எரிவாயுச் சுவாலை என்னும் அன்றாடப் படிமங்களே உள. எதனை மாற்றுவது என்பதும் கூறப்படவில்லை. அதனினும் முக்கியமானது, மாற்றத்தை வேண்டும் இப்பாடலே, எதனையும் மாற்ற நேருங்கால் எழும் திடீர் அச்சத்தையும் இடையில் ஒப்புக்கொள்வதாகும். இதனை அரசியற் பாடலாகக் கொள்வதைச் சோய் ஏற்கவில்லை என்பதும் இங்கு கருதத்தக்கது.

எனின், கேட்டோர் பிழைபட உணர்ந்தனரா? அவ்வாறு கூறுதல் பொருந்தாது. சொற்கள் அனுமதிக்குக் காத்திருந்த சமுதாயத்தில், சொல்லப்படாததைக் கேட்கவும் மக்கள் பழகியிருந்தனர். தனியறையில் எழுந்த ஏக்கத்தைப் பொதுக் கோரிக்கையாக்கியது அப்பழக்கமே. 1991இல் அவ்வொன்றியம் மறைந்த பின்னரும் பாடல் மறையவில்லை. 2020 ஓகஸ்டில் பெலாருசின் மின்ஸ்க் நகரில், அரசு சார்பு நிகழ்வொன்றில் இதனை ஒலிக்கச்செய்த இரு ஒலியமைப்பாளர் பத்து நாட் சிறைத்தண்டனை பெற்றனர்.

ஆயினும் இவ்வெற்றியில் ஓர் இழப்பும் உண்டு. கூட்டம் 'மாற்றம்' என்னும் சொல்லை ஏந்திக்கொண்டது. அச்சத்தைப் பற்றிய ஒப்புதலைப் பின்னே விட்டுச்சென்றது. கோரிக்கை பிறரை நோக்கியது. அவ்வொப்புதலோ பாடுவோனையும் கேட்போனையும் நோக்கியது. இரண்டையும் ஒருங்கே கேட்கும்போதே இப்பாடல் முழுமை பெறுகின்றது எனலாம்.