ஆல்பனி மண்ணின் வாரிசு

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ஜாடியில் முதலில் கண்ணைப் பறிப்பது வெளிப்புறம்தான். ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாகச் சாம்பல் நிறம், அதன்மேல் கோபால்ட் நீலத்தில் ஒரு பறவையோ பூங்கொத்தோ. விஷயம் தெரிந்த ரசிகர் அதோடு நிற்க மாட்டார். ஜாடியை வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே எட்டிப் பார்ப்பார். அங்கே அடர்ந்த சாக்லேட் பழுப்பில், கை வைத்தால் வழுக்கும்படி ஒரு கிளேஸ், அதாவது கண்ணாடிப் பூச்சு, மினுங்கும். பல பொருள்களை நிறுத்துக் கலந்து செய்ததல்ல அது. நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றோரம் இருக்கும் ஆல்பனியில் தோண்டிய ஒரே மண்.

அந்த மண் உள்ளே போனதற்குக் காரணம் உப்பு. சூளை உச்ச வெப்பத்தில் இருக்கும்போது உப்பை வீசுவார்கள். அதன் ஆவி களிமண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து வெளிப்புறத்தில் கண்ணாடியாகப் படியும். குறுகிய வாய்கொண்ட, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஜாடிகளுக்குள் ஆவி சரியாக நுழையாது. எனவே ஆல்பனி மண்ணைத் தண்ணீரில் கரைத்து உள்ளே ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி, மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். சூளையில் அதுவே உருகிக் கிளேஸாகும். வினிகரும் ஊறுகாயும் வைக்கும் பாத்திரத்தில் ஈயம் கலந்த கிளேஸின் நஞ்சுக்குப் பயப்படாமல் இருக்க முடிந்தது பெரிய ஆறுதல்.

பனியுகத்து ஏரியடியில் படிந்த மண் இது, மாவுபோல் நைசானது. சுமார் 5 சதவீதம் இரும்பு நிறத்தைத் தந்தது. சுண்ணாம்பு, மக்னீசியா, பொட்டாஷ் எல்லாம் சேர்ந்து சுமார் 1,280 டிகிரி செல்சியஸில் மண்ணை உருக்கின. உருகியது சுவரில் வழியாமல் பிடித்து வைக்க அலுமினாவும் அதிலேயே இருந்தது. இயற்கை இவ்வளவு பொருத்தமாக அளந்து கொடுத்த மண் அபூர்வம்.

1980-களின் நடுவில் அந்த மண்ணைத் தோண்டிய சுரங்கம் மூடப்பட்டது. எத்தனையோ கிளேஸ் செய்முறைகளில் ஒரு வரி காலியாகிவிட்டது.

இன்னொரு சிவப்பு மண்ணை எடுத்து அதே எடைக்குப் போட்டால் என்ன? ஒஹையோவின் ரெட்ஆர்ட் மண்ணில் இரும்பு சுமார் 7 சதவீதம். ஆனால் ஆல்பனியில் 6 சதவீதத்தை ஒட்டியிருந்த சுண்ணாம்பு இதில் கால் சதவீதம்கூட இல்லை. பழுப்பு வரும், ஆனால் மண் சரியாக உருகாது. சுண்ணாம்பைத் தனியாகச் சேர்க்கலாம். சுண்ணாம்புக் கல் பொடியென்றால் சூட்டில் கரியமில வாயு கிளம்பிக் குமிழியும் ஊசித்துளையும் விடக்கூடும். வொலஸ்டோனைட் என்ற கனிமம் அந்தத் தொல்லையில்லாமல் சுண்ணாம்பைத் தரும். ஆனால் அதோடு சிலிக்காவும் வரும், அந்த அளவைக் கலவையில் வேறிடத்தில் குறைக்க வேண்டும். இப்படி ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும் கணக்குக்குப் பிடிமானம் தந்தவர் ஜெர்மனியின் ஹெர்மன் சேகர் (1839–1893). எடையை விட்டு மூலக்கூறுகளை எண்ணி, சுண்ணாம்பு போன்ற உருக்கிகளின் கூட்டுத்தொகையை ஒன்றாக வைத்து மற்றவற்றை அதனோடு ஒப்பிடும் அவர் சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

கனடாவில் மெடிசின் ஹாட் நகரத்துப் பிளெய்ன்ஸ்மன் களிமண் நிறுவனம் அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, தன் பகுதி மண்களோடு வேறு கனிமங்களையும் கூட்டி, 'ஆல்பர்ட்டா ஸ்லிப்' என்ற மாற்றை உருவாக்கியது. வேதியியல் ஒத்துப்போனாலும் வாளியில் இருக்கும் குழம்பு தனி உலகம். பச்சை மண் மட்டும் இருந்தால் பூச்சு காயும்போது சுருங்கி வெடிக்கும். சூட்டில் அந்த வெடிப்பு விலகி, பாத்திரத்தின் உடம்பு வெறுமையாகத் தெரியும். அதனால் ஒரு பங்கை முன்கூட்டியே வறுத்துக்கொள்கிறார்கள். வறுத்த மண் சுருங்காது, ஆனால் அடியில் தங்கும். பச்சை மண் அதைத் தூக்கிப் பிடிக்கும், காய்ந்த பூச்சு பொடியாக உதிராமலும் காக்கும். வறுத்ததில் நீரும் வாயுவும் போய் எடை குறைந்திருப்பதால் அதற்கேற்ப அளவையும் குறைக்க வேண்டும். பச்சை எவ்வளவு, வறுத்தது எவ்வளவு என்ற இந்தத் திட்டம் எந்தச் சூத்திரத்திலும் எழுதியிருக்காது. கலக்குபவரின் விரல்தான் அதை அறியும்.

இத்தனைக்குப் பிறகும் வாரிசு மூத்ததின் அச்சாக இல்லை என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. 80 பங்கு ஆல்பர்ட்டாவோடு 20 பங்கு போரான் ஃபிரிட் என்ற கண்ணாடித்தூள் சேர்த்தால், மின்சூளையில் ஆல்பனி மண்ணுக்குத் தேவைப்பட்டதைவிடக் குறைந்த சூட்டிலேயே தேன்நிறக் கிளேஸ் கிடைக்கிறது. சிறிது ரூட்டைல் என்ற டைட்டானியக் கனிமம் கலந்து மெதுவாக ஆறவிட்டால் அதே பழுப்பின் நடுவே நீல இழைகள் எழும்புகின்றன.