கோடு 45-இல் நின்றது

காட்பாடிப் பக்கம் இந்தப் பருவத்து மாநாட்டு அமர்வுகளுக்குப் போய்வந்தவர்களுக்கு நான் எந்த நொடியைச் சொல்கிறேன் என்று புரியும். பன்னிரண்டு நிமிடம் பேச்சு, மூன்று நிமிடம் கேள்வி. மின் ஸ்கூட்டர் பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் இருக்கிறது என்று கணிக்கும் ஆய்வு. முன்வரிசையிலிருந்து ஒரு மூத்தவர் கேட்டார்: “55 டிகிரியில் உங்கள் கணிப்பு நிற்குமா?” மேடையில் இருந்த பெண் இரண்டு மூச்சு நேரம் பேசவில்லை. பிறகு, “45-க்கு மேல நாங்க சோதிக்கல சார்” என்றார்.

டீ இடைவேளையில் எல்லோர் வாயிலும் ஒரே தீர்ப்பு: நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, கடைசியில் கோட்டை விட்டுவிட்டார். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. அன்று அந்த அரங்கில் நான் பார்த்த நல்ல ஆட்டமே அந்த ஒரு வரிதான்.

கபடியில் ரைடர் வெறுங்கையோடு திரும்பினால் கூட்டம் உச்சுக்கொட்டும். விவரம் தெரிந்தவர் கண் மட்டும் அவர் கால் எதுவரை போனது, எங்கே திரும்பியது என்பதில் இருக்கும். மேடையிலும் அப்படித்தான். கேள்வி வந்ததும் வரைபடத்தின் கோட்டை வாயாலேயே இழுத்து நீட்டுவது சுலபம். “இதே போக்கில்தான் போகும் என்று எதிர்பார்க்கிறோம்” என்றால் போதும், தலைகள் ஆடும், கைதட்டலும் கிடைக்கும். பரிசு வாங்கிய எத்தனையோ பேர் அந்த வரியைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அவர் சொல்லவில்லை.

எந்த பேட்டரியை வைத்து ஆடினார் என்பதையும் பாருங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல். சார்ஜ் கால்வாசி இருந்தாலும் முக்கால்வாசி இருந்தாலும் அதன் வோல்ட்டேஜ் 3.2, 3.3 என்றே ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். அளக்கும் கருவியில் சில மில்லிவோல்ட் பிசகினாலே கணிப்பு பல சதவீதம் தவறிவிடும். போன கரண்டையும் வந்த கரண்டையும் கூட்டிக் கழித்துக்கொண்டே போகலாம், ஆனால் அந்தக் கணக்கில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். வோல்ட்டேஜ், கரண்ட் கணக்கு இரண்டையும் ஒன்றுக்கொன்று திருத்த வைக்கத்தான் கால்மன் வடிகட்டி என்ற கணக்கு முறை. 25 டிகிரி ஆய்வகத்தில் அதை அழகாக ஓடவைக்கப் பலரால் முடியும். வெப்பம் ஏறும்போது செல்லின் உள்தடை மாறும், மாதிரியில் போட்டு வைத்த எண்கள் பழசாகிப்போகும். ஆட்டமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நம் ஊர் வெயிலை நான் விளக்க வேண்டியதில்லை. சதம் அடித்தது என்று பத்திரிகைகள் எழுதும்போது வேலூர் பட்டியலில் முன்னால் இருக்கும். தொழிற்சாலை வாசலில் பகல் முழுக்க காய்கிற வண்டியின் சீட்டுக்கு அடியில் காற்றின் சூட்டைவிடக் கூடுதல் சூடு. 2022 மார்ச்சில் இதே வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் வண்டிகள் எரிந்த பிறகுதான் ஏஐஎஸ்-156 பேட்டரி விதிகள் இறுக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. அப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு, அளக்காத 55 டிகிரிக்கு யாராவது உத்தரவாதம் கொடுத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அவர் ஆம்பூர் பக்கத்துப் பெண். அப்பாவுக்கு ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை. அந்த வேலை தெரிந்தவர்களுக்கு இந்த ஆட்டமும் புரிந்திருக்கும். தோலை மேசையில் விரித்ததும் கட்டர் முதலில் தேடுவது தழும்பு, உண்ணிக்கடி, கத்தி பட்ட இடம். அதையெல்லாம் குறித்து ஒதுக்கிவிட்டுத்தான் டை வைப்பார். மறைத்து வெட்டினால் அடுத்த செக்‌ஷனில் அப்பர் திரும்பி வரும்.

இன்னொன்றை யாருமே கவனிக்கவில்லை. அந்தப் பதிலுக்குப் பிறகு அவர் இரண்டு ஸ்லைடு பின்னால் போய், 45 டிகிரியில் பிழை மேலே ஏறத் தொடங்கும் இடத்தைத் தானாகவே காட்டினார். மணி அடித்துவிட்டது. கேட்டவர் மட்டும் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

இனி வருவதைச் சொல்கிறேன். 2021-இல் ராணிப்பேட்டையில் மின் ஸ்கூட்டர் ஆலை வந்தது. 2024 செப்டம்பரில் பனப்பாக்கத்தில் டாடா கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். இந்த ஆலைகளின் ஆட்கள் மாநாட்டு முன்வரிசைக்கு வரப்போகிறார்கள். அவர்கள் முதலில் கை வைக்கப்போவது, வண்டிச் சோதனைக்கு வகுத்த வேக வரிசையான இந்திய ஓட்டச் சுழற்சியில். 108 நொடிச் சுற்று, உச்ச வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர். ஆம்பூரிலிருந்து வேலூருக்கு நெடுஞ்சாலையில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு யார் 42-இல் வருகிறார்கள்? அந்தச் சுற்றை மட்டும் காட்டிப் பரிசு வாங்கும் காலம் இன்னும் இரண்டு பருவம் தாங்காது.

அந்தப் பெண் அடுத்த முறை வரும்போது மே மாதத்தில், வெயிலில் நின்ற வண்டியின் அளவுகளோடு வருவார் என்று பந்தயம் கட்டுகிறேன். கோடு 55-ஐத் தொடும். அங்கே பிழை இப்போதைவிட மோசமாக இருந்தால் அதையும் பெரிதாகத் திரையில் போடுவார். அப்போதும் டீ இடைவேளையில் சிலர் உச்சுக்கொட்டுவார்கள்.